புகை எங்கே போகிறது?

2022 ஜூலை. கல்யாணில் மூன்று நாட்களாக விடாத மழை. கோயிலின் நடுவே வைக்கப்பட்டிருந்த சவப்பெட்டியைப் பங்குத் தந்தை சுற்றி வந்தார். முதல் சுற்றில் தீர்த்தம் தெளித்தார். அடுத்த சுற்றில் தூபக் கலசத்தை ஆட்டினார். சங்கிலி கலகலத்தது. ஈரக் காற்றில் புகை மேலே எழவில்லை. பெட்டியின் மீதே படிந்து நின்றது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கணவர் அழவில்லை. புகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்திலிருந்த மகளிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "மூணு வருஷமா நாம போட்ட புகையெல்லாம் எங்கம்மா போச்சு?"

மகளிடம் பதில் இல்லை.

அவர் மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்து 2014இல் ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். இளம் வயதில் மும்பைக்கு வந்து, கல்யாணிலிருந்து லோக்கல் ரயிலில் தினமும் தொங்கிக்கொண்டு போய் வந்தே தலை நரைத்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிட மாட்டார். ஆனால் பைபிளைத் திறந்து படிக்கும் பழக்கம் கிடையாது. ஜெபம், நோன்பு, நேர்ச்சை எல்லாம் மனைவியின் இலாகா.

அந்த இலாகாவில் முக்கியமான நாள் சனிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு சிரட்டைக் கரியைக் கனிய வைத்து, கரண்டியில் போட்டு, சாம்பிராணியைத் தூவுவார் மனைவி. முதலில் மகளின் ஈரத் தலைமுடிக்கு. பிறகு இரண்டு அறைக்கும் சமையலறைக்கும். கடைசியில் இருதய ஆண்டவர் படத்தின் முன்னால் கரண்டியை வைத்துவிட்டுச் செபமாலையைக் கையில் எடுப்பார். அந்தக் கட்டடத்தில் இருந்த மராத்திக் குடும்பமும் தெலுங்குக் குடும்பமும் அந்த வாசனையை வைத்தே மணி ஏழு என்று சொல்லிவிடும்.

2019இல் மனைவிக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. வாரம் இருமுறை டயாலிசிஸ். குனிந்து கரி ஊத முடியாமல் போனதால் கரண்டி கணவரின் கைக்கு வந்தது. செபமாலை முழுவதும் அவருக்கு மனப்பாடம் இல்லை. புகையின் முன்னால் நின்று ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: இவளை விட்டுவிடு. நூற்றைம்பது சனிக்கிழமைகளுக்கு மேல் கேட்டதாக அவரிடம் கணக்கு இருந்தது. அளவும் கணக்கும் பார்த்தே வேலை செய்த மனிதர்.

அடக்கம் முடிந்த மறுநாள் கரண்டியைக் கழுவித் துடைத்துப் பரணில் போட்டார். இனி இந்த வீட்டில் புகை கிடையாது என்றார்.

காலண்டர் தாள்கள்

மகளை மணம் செய்து கொடுத்திருப்பது பாளையங்கோட்டைப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பத்தில். சம்பந்தி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஆலயத்தில் ஞாயிறு பள்ளி நடத்தியவர். துக்கத்துக்கு வந்தவர் ஒரு வாரம் தங்கினார். கேள்வி அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

சி.எஸ்.ஐ. ஆலயங்களில் சாம்பிராணி வழக்கம் இல்லை. ஆகவே ஆசிரியருக்குப் பதில் சுலபமாக இருந்தது. "புகையெல்லாம் பழைய ஏற்பாட்டோட முடிஞ்சுபோச்சு சம்பந்தி. இப்ப ஜெபம்தான் தூபம்."

"சரி அண்ணாச்சி. அப்ப ஜெபம் எங்கே போச்சு?"

ஆசிரியர் வாயடைத்துப் போனார். இரண்டு நாள் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரின் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, தன்னுடைய பைபிளில் ஒவ்வொரு இடமாக அடையாளம் வைத்தார். தூபம் வரும் இடங்கள். எல்லாவற்றையும் அல்ல, முக்கியமானவற்றை மட்டும். ஊருக்குக் கிளம்பும்போது புத்தகத்தை மேஜையிலேயே விட்டுப் போனார். "நேரம் கிடைச்சா பாருங்க. கோபத்தோடவே பாருங்க, தப்பில்ல."

அவர் கோபத்தோடுதான் திறந்தார்.

முதல் தாள் யாத்திராகமத்தின் 30ஆம் அதிகாரத்தில் இருந்தது. கத்தோலிக்கர்களின் பைபிளில் இதற்கு விடுதலைப் பயணம் என்று பெயர். படித்ததும் ஃபிட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காரணம், அது ஒரு வேலைக் குறிப்பு. சித்தீம் மரத்தில் ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம், இரண்டு முழ உயரத்தில் ஒரு பீடம். இன்றைய அளவில் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் சதுரம், 90 சென்டிமீட்டர் உயரம். சுற்றிலும் பொன்தகடு. தூக்கிச் செல்லத் தண்டுகள், அவற்றைச் செருக வளையங்கள். வைக்க வேண்டிய இடம் மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைக்கும் திரைக்கு முன்னால். காலையில் விளக்குகளைச் சரிசெய்யும்போதும் மாலையில் ஏற்றும்போதும் தூபம். கடவுளின் சந்நிதிக்கு மிக அருகில், ஆனால் திரைக்கு இந்தப் பக்கம். அன்றாடம் மனிதன் போகக்கூடிய கடைசி இடத்தில் புகையை வைத்திருக்கிறார்கள். அதற்கு அப்பால் அன்றாடம் புகை மட்டும்தான் போகலாம்.

அதே அதிகாரத்தில் தூபத்தின் சேர்மானமும் இருக்கிறது. நான்கு சரக்குகள், சம எடை. பழைய தமிழ் பைபிளின் சொற்களில் வெள்ளைப்போளம், குங்கிலியம், அல்பான் பிசின், சாம்பிராணி. உப்புச் சேர்த்துப் பொடியாக இடிக்க வேண்டும். இதே கலவையை யாரும் தன் சொந்த மோப்பத்துக்காகச் செய்துகொள்ளக் கூடாது. செய்தால் சமூகத்திலிருந்து விலக்கு.

இங்கே சாம்பிராணி என்று தமிழில் வந்திருப்பது நம் கடைகளில் கிடைக்கும் சாம்பிராணி அல்ல. கடைச் சாம்பிராணி பெரும்பாலும் சுமத்ரா போன்ற கிழக்கு நாடுகளின் மரப்பிசின். பைபிளின் பிசினோ தெற்கு அரேபியாவிலும் ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையிலும் வளரும் முள்காட்டு மரத்திலிருந்து வருவது. ஆனால் இரண்டும் கிடைக்கும் விதம் ஒன்றே. மரத்தின் பட்டையைக் கீற வேண்டும். காயத்திலிருந்து பால் கசிந்து, துளித் துளியாக உறையும். கீறாத மரம் எதையும் தராது. கீறி எடுத்த பிசினும் கையில் இருக்கும்வரை அவ்வளவாக மணப்பதில்லை. நெருப்பில் விழுந்த பிறகுதான் வீடு நிறையும்.

அல்பான் பிசின் என்ற இடத்தில் ஆசிரியர் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். "கெட்ட நாற்றம். கேளுங்கள், சொல்கிறேன்." அவர் ஃபோன் போட்டுக் கேட்டார்.

மனைவி இறந்த பிறகு அவராக ஒருவரைக் கூப்பிட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. ஆசிரியர் விளக்கினார். அந்தப் பிசின் தரும் செடி பெருங்காயச் செடியின் நெருங்கிய உறவு. தனியாக எரித்தால் முகம் சுளிக்க வைக்கும். அப்படியானால் தெய்வத்துக்கான கலவையில் அது எதற்கு? யூதர்களின் தல்மூதில் பழைய குருமார் இதே கேள்வியைக் கேட்டு ஒரு பாடம் எடுத்திருக்கிறார்கள். சமூகத்தின் பாவிகள் கலந்துகொள்ளாத உபவாசம் உபவாசமே அல்ல. நாற்றமடிக்கும் பிசினையும் வேதம் எண்ணிக்கையில் சேர்த்திருக்கிறதே என்பதுதான் அவர்கள் சொன்ன ஆதாரம்.

"சாம்பார்ல பெருங்காயம் மாதிரின்னு சொல்லுங்க" என்றார் இவர். மறுமுனையில் ஆசிரியர் சிரித்தார்.

கொல்லும் புகை, காக்கும் புகை

அடுத்தடுத்த தாள்களில் சிரிக்க எதுவும் இல்லை. லேவியராகமத்தில் ஆரோனின் இரண்டு மகன்கள், நாதாபும் அபியூவும், கட்டளையிடப்படாத நெருப்பைத் தூப கலசங்களில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். அங்கேயே எரிந்து சாகிறார்கள். எண்ணாகமத்தின் 16ஆம் அதிகாரத்தில் மோசேயை எதிர்த்த 250 பேர் வெண்கலத் தூப கலசங்களோடு நிற்கிறார்கள். நெருப்பு அவர்களையும் பட்சிக்கிறது.

இந்த இடத்தில் பழைய ஃபிட்டரின் கண்ணில் பட்டது வேறு. இறந்தவர்களின் கலசங்களைத் தூக்கியெறியவில்லை. அடித்துத் தகடாக்கிப் பலிபீடத்துக்கு மேல்மூடியாகப் போடச் சொல்கிறது கட்டளை. அது எச்சரிக்கைக்கான அடையாளம் என்று வேதமே சொல்கிறது. ஆனால் பணிமனையில் பழைய இரும்பை மறுபடி உருக்கிப் பார்த்தவருக்கு அதில் இன்னொன்றும் தெரிந்தது. தப்புச் செய்தவன் கையிலிருந்த பாத்திரமும் பீடத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதே அதிகாரத்தின் முடிவில்தான் அவர் நீண்ட நேரம் நின்றார். மறுநாள் ஜனங்கள் மறுபடி முறுமுறுக்கிறார்கள். பாளையத்தில் கொள்ளைநோய் பரவுகிறது. மோசே அவசரப்படுத்த, வயதான ஆரோன் பீடத்து நெருப்பையும் தூபவர்க்கத்தையும் கலசத்தில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே ஓடுகிறார். செத்தவர்களுக்கும் உயிரோடு இருப்பவர்களுக்கும் நடுவில் நிற்கிறார். வாதை நிற்கிறது. அதற்குள் இறந்தவர்கள் 14,700 பேர்.

மூன்று ஆண்டுகள் தானும் அப்படித்தானே நின்றோம் என்று அவருக்குத் தோன்றியது. கையில் கரண்டி. ஒரு பக்கம் சாவு, இன்னொரு பக்கம் அவள். ஆனால் இங்கே வாதை நிற்கவில்லை.

இதை அவர் ஃபோனில் சொன்னபோது ஆசிரியர் ஆறுதல் சொல்ல முயலவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னார். ஆரோன் ஓடிப்போய் நின்றபோதும் அந்த 14,700 பேர் எழுந்துவரவில்லை. அவர்களைப் பற்றி வேதம் எண்ணிக்கையைத் தருகிறதே தவிரச் சமாதானம் எதையும் தரவில்லை.

கையைப் பார்க்கிறவர்

தீர்க்கதரிசிகளின் பக்கங்களில் வைத்த தாள்களை ஆசிரியர் தன் கட்சிக்குச் சாதகமாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் ஏசாயா, எருசலேமின் தூபம் கடவுளுக்கு அருவருப்பு என்று முதல் அதிகாரத்திலேயே போட்டு உடைக்கிறார். காரணம் பிசினின் தரம் அல்ல. அதை ஏந்திய கைகளில் இருந்த இரத்தம். அனாதைக்கு நியாயம் செய், விதவைக்காக வழக்காடு என்கிறார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து வந்த எரேமியா, தொலைதூரச் சேபா நாட்டிலிருந்து இறக்குமதி செய்யும் தூபத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறார். பழைய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகமான மல்கியாவோ, சூரியன் உதிக்கும் திசையிலிருந்து மறையும் திசைவரை எல்லா இடங்களிலும் தூபம் ஏறும் ஒரு காலத்தைப் பார்க்கிறது. எருசலேமில் மட்டும் அல்ல, எல்லா இடங்களிலும்.

இந்த மாற்றத்துக்கு நடுவில் 141ஆம் சங்கீதம் இருக்கிறது. அதைப் பாடியவன் கையில் தூபமும் இல்லை, பலியும் இல்லை. தன் ஜெபத்தையே தூபமாகவும், மேலே தூக்கிய வெறும் கைகளையே மாலைப் பலியாகவும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறான். பீடத்துக்குப் போக முடியாதவனின் வேண்டுதல் அது. அடுத்த வரியிலேயே தன் வாய்க்குக் காவல் வைக்கச் சொல்கிறான். வாயிலிருந்து ஏறுவதுதான் தூபம் என்றால், வாயில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியமாகிவிடுகிறது.

நான்கு சுவிசேஷங்களிலும் இயேசு தூபத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதாக இல்லை. அவர் குழந்தையாக இருந்தபோது சாஸ்திரிகள் கொண்டுவந்து வைத்த மூன்று காணிக்கைகளில் ஒன்று தூபவர்க்கம். வளர்ந்த பிறகு அவர் ஜெபத்தைப் பற்றிச் சொன்னது, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள் என்பதுதான். பாளையங்கோட்டை ஆசிரியர் இந்த இடத்தில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

ஆரம்பக் கிறிஸ்தவர்கள் தூபத்தை விட்டு விலகி நின்றதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது இரத்தத்தில் எழுதப்பட்ட காரணம். கி.பி. 112 வாக்கில் ரோமானிய ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சோதித்த விதத்தைப் பேரரசர் டிராஜனுக்குக் கடிதமாக எழுதினார். பேரரசரின் சிலைக்கு முன்னால் தூபமும் மதுவும் படைத்து, கிறிஸ்துவைப் பழித்தால் விடுதலை. 250இல் பேரரசர் டீசியஸ் காலத்தில் தேவர்களுக்குப் பலி செலுத்தியதாக ஒவ்வொருவரும் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. எகிப்தின் மணலில் புதைந்திருந்த அந்தச் சான்றிதழ்கள் பல இன்றும் கிடைக்கின்றன. தூபம் மட்டும் போட்டு உயிர் தப்பியவர்களுக்குச் சபைக்குள் தனிப் பெயரே இருந்தது. ஒரு சிட்டிகைப் பிசின்தான் ஒருவனின் உயிருக்கும் விசுவாசத்துக்கும் நடுவில் நின்றது.

துன்புறுத்தல் ஓய்ந்த நான்காம் நூற்றாண்டில் புகை திரும்பி வந்தது. 380களில் எருசலேமுக்கு யாத்திரை போன எகேரியா என்ற பெண், இயேசுவின் கல்லறைக் குகைக்குள் தூபக் கலசங்களைக் கொண்டுபோனதையும் ஆலயம் முழுவதும் மணந்ததையும் தன் பயணக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். பதினாறாம் நூற்றாண்டின் சீர்திருத்தத்தில் பல சபைகள் மறுபடி அதை வெளியேற்றின. கேரளத்தின் சிரியன் ஆலயங்களில் குந்திரிக்கப் புகையும் மணிகள் கட்டிய தூபக் கலசமும் இல்லாமல் குர்பானா இல்லை. கத்தோலிக்க வழிபாட்டில் தூபம் பீடத்துக்கும், சுவிசேஷப் புத்தகத்துக்கும், கூடியிருக்கும் ஜனங்களுக்கும், கடைசியில் இறந்த உடலுக்கும் காட்டப்படுகிறது. அந்த உடல் பரிசுத்த ஆவி தங்கியிருந்த கோயில் என்பதால் அந்த மரியாதை.

இந்தியாவின் கத்தோலிக்கர்களுக்கு 1969 ஏப்ரல் 25 அன்று ரோம் அளித்த அனுமதியில் பன்னிரண்டு அம்சங்கள் இருந்தன. மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு, மண்டியிடுவதற்குப் பதில் கைகூப்பி வணங்குதல் போன்றவற்றோடு தூபத்தைப் பற்றியும் ஒன்று. வழிபாட்டில் அதை இன்னும் தாராளமாகப் பயன்படுத்தலாம். சங்கிலிக் கலசத்துக்குப் பதில் கைப்பிடி வைத்த எளிய கிண்ணமே போதும். இதை அவருக்குச் சொன்னவர் பங்குத் தந்தை.

"கைப்பிடி வெச்ச கிண்ணம்னா, எங்க வீட்டுக் கரண்டி மாதிரியா ஃபாதர்?"

"அதேதான்" என்றார் அவர்.

வெளியே காத்திருந்தவர்கள்

புதிய ஏற்பாட்டில் தூபத்தோடு தொடங்கும் கதை ஒன்று உண்டு. லூக்காவின் முதல் அதிகாரம். சகரியா வயதான ஆசாரியர். பிள்ளை இல்லை. ஆலயத்துக்குள் தூபம் காட்டும் வேலை சீட்டுப் போட்டுத் தரப்படுவது. யூத மரபின்படி முன்பு அந்தப் பாக்கியம் கிடைக்காதவர்களுக்குள்தான் சீட்டு. அதாவது ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறை. அந்த ஒருமுறையில், தூபபீடத்தின் வலதுபக்கம் தூதன் நிற்கிறான். உன் வேண்டுதல் கேட்கப்பட்டது என்கிறான்.

எந்த வேண்டுதல்? பிள்ளைக்காகக் கேட்டுச் சலித்து எத்தனை வருடம் ஆகியிருக்கும்? கேட்டவருக்கே நம்பிக்கை போய்விட்டது. நான் கிழவனாயிற்றே என்கிறார். அதனால் பேச்சு நின்றுபோகிறது. வெளியே ஜனங்கள் எல்லோரும் ஜெபம் செய்தபடி நிற்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது, ஏன் இவ்வளவு நேரம் என்று அவர்களுக்குத் தெரியாது. வெளியே வந்தவர் சைகைதான் காட்ட முடிந்தது.

அவர் புத்தகத்தை மூடிவிட்டு ஃபோனை எடுத்தார். குரலில் பழைய கோபம். "சகரியாவுக்குப் பிள்ளை கிடைச்சுது. எனக்கு?"

"அதுக்கு எனக்குப் பதில் தெரியாது சம்பந்தி" என்றார் ஆசிரியர். "தெரிஞ்ச மாதிரி பேசினா அது பாவம். கடைசித் தாளை மட்டும் பார்த்துடுங்க."

கடைசித் தாள் வெளிப்படுத்தின விசேஷத்தில் இருந்தது. கத்தோலிக்கர்கள் திருவெளிப்பாடு என்பார்கள். ஐந்தாம் அதிகாரத்தில் இருபத்துநான்கு மூப்பர்களின் கைகளில் பொற்கலசங்கள். அவை நிறையத் தூபவர்க்கம். அது பரிசுத்தவான்களின் ஜெபங்கள் என்று அங்கேயே விளக்கம். ஆறாம் அதிகாரத்தில் பீடத்தின் கீழிருந்து கொல்லப்பட்டவர்கள் எத்தனை காலம் என்று கேட்கிறார்கள். கிடைக்கும் பதில், இன்னும் கொஞ்சகாலம் பொறுத்திருங்கள். எட்டாம் அதிகாரத்தில் பரலோகத்தில் அரைமணி நேரம்போல் மௌனம். பிறகு ஒரு தூதன் பொன் தூபகலசத்தோடு வந்து நிற்கிறான். எல்லாப் பரிசுத்தவான்களின் ஜெபங்களோடும் சேர்த்துப் படைக்கும்படி அவனிடம் நிறையத் தூபம் கொடுக்கப்படுகிறது. புகை எழும்புகிறது. அதே கலசத்தில் பீடத்து நெருப்பை நிரப்பி அவன் பூமியில் கொட்டுகிறான். இடி, மின்னல், நிலநடுக்கம்.

அவர் இதை மூன்று முறை படித்தார். அளவு பார்க்கும் கண்ணுக்குச் சில விஷயங்கள் பிடிபட்டன. கலசங்கள் நிறைந்திருக்கின்றன. நிறைந்த பாத்திரம் என்றால் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். போட்டது எதுவும் சிந்திப்போகவில்லை. கேட்டது கிடைத்த ஜெபம், கிடைக்காத ஜெபம் என்று தனித்தனிக் கலசம் இல்லை. எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாவது, தூதனிடம் தூபம் கொடுக்கப்பட்டது. அவன் அதை மனிதர்களிடம் வசூலிக்கவில்லை. மனிதன் கொண்டுவந்தது ஜெபம் மட்டும். அதோடு கலப்பதற்கு வாசனை அங்கிருந்தே வருகிறது. நூற்றைம்பது சனிக்கிழமைகளில் செபமாலை தெரியாமல் ஒரே வரியைச் சொல்லிக்கொண்டு நின்ற மனிதருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

மூன்றாவது அந்த மௌனம். அரைமணி நேரம். அவருக்கு அது புரிந்தது. டயாலிசிஸ் அறைக்கு வெளியே அவர் உட்கார்ந்திருந்ததும் அப்படித்தான்.

மனைவி பிழைக்கவில்லை என்ற உண்மையை இந்தப் பக்கங்கள் மாற்றவில்லை. அவர் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் "எங்கே போச்சு" என்ற கேள்விக்கு வேதம் ஒரு இடத்தைக் காட்டுகிறது என்பதை ஒப்புக்கொண்டார். கேட்டதைக் கொடுப்பதாக அந்த இடத்தில் எழுதியிருக்கவில்லை. தொலைக்கவில்லை என்றுதான் எழுதியிருக்கிறது.

நாற்பது பக்க நோட்டு

அந்த ஆண்டு டிசம்பரில் மகள் வந்து அம்மாவின் புடவைகளை எடுத்து அடுக்கியபோது அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. உள்ளே பெயர்கள். பக்கம் பக்கமாகப் பெயர்கள் மட்டும். சிலவற்றுக்கு எதிரே ஒரு வார்த்தை: பரீட்சை, பிரசவம், வேலை, குடி, கடன். மராத்தி வீட்டுப் பாட்டியின் மூட்டுவலி இருந்தது. டயாலிசிஸ் அறையில் பக்கத்துப் படுக்கையில் இருந்த பெண்ணின் பெயர் இருந்தது. அவர் பணிமனையில் விரல் இழந்த ஒரு கலாசியின் பெயர் முப்பது வருடத்துக்கு முந்தைய மங்கிய மையில் இருந்தது. சனிக்கிழமைச் செபமாலைக்கு முன்னால் உதடு அசைந்துகொண்டே இருந்தது எதற்கு என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஊரில் சொத்துத் தகராறில் பதினைந்து வருடமாகப் பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பியின் பெயரும் இருந்தது. அவருடைய தம்பி. அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அதை மனைவி உச்சரிக்கவில்லை, எழுதி வைத்திருக்கிறார். ஒரு முறை அல்ல, மூன்று பக்கங்களில்.

அவர் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, "அல்பான் பிசின்" என்றார். மகளுக்குப் புரியவில்லை.

தன் நோயைப் பற்றி மனைவி எதுவும் எழுதியிருக்கிறாரா என்று கடைசிப் பக்கம்வரை தேடினார். இல்லை. அதற்கு அவர்தான் இருந்தாரே.

அந்தச் சனிக்கிழமை பரணிலிருந்து கரண்டி இறங்கியது. சிரட்டைக் கரி கிடைக்கவில்லை. கடையில் விற்கும் கரி வில்லைதான். பற்ற வைக்கத் தெரியாமல் வீடு முழுக்கப் புகைந்து, எதிர்வீட்டு மராத்திப் பெண் என்னவோ ஏதோ என்று கதவைத் தட்டினார். வாசனையைக் கண்டதும் எதுவும் பேசாமல் சிறிது நேரம் வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்கு பக்கம் படிக்கிறார். மொத்த நோட்டும் முடிய பத்து வாரம் ஆகிறது. பிறகு மறுபடி முதல் பக்கம். பெயர்களில் பாதிப் பேர் யாரென்றே அவருக்குத் தெரியாது. சிலர் இறந்தும் போயிருக்கலாம். அதைப் பற்றி அவர் கவலைப்படுவதில்லை. ஆரோன் நின்ற இடத்தில் இரண்டு பக்கமும்தானே ஆட்கள் இருந்தார்கள் என்கிறார்.

தம்பியின் பெயர் வரும் பக்கங்களை முதல் சுற்றில் அவர் தாண்டிப் போனார். இரண்டாவது சுற்றில் வாய்க்குள் படித்தார். மூன்றாவது சுற்றில் சத்தமாகவே படித்தார். ஃபோன் செய்ய இன்னும் மனம் வரவில்லை என்றும் ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டார். ஆசிரியர் அவசரப்படுத்தவில்லை. அவர் மட்டும் என்ன, கல்யாணுக்கு வரும்போதெல்லாம் சனிக்கிழமை ஏழு மணிக்குச் சோபாவை விட்டு எழுந்து, கரண்டிக்கு இரண்டடி தள்ளி நின்று கண்ணை மூடிக்கொள்கிறார். தூபம் பழைய ஏற்பாட்டோடு முடிந்துவிட்டது என்ற கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. புகை கண்ணில் படுகிறது என்பார்.

2023 ஜூலையில் முதலாண்டு நினைவுப் பூசை. அன்றும் மழை. பங்குத் தந்தையிடம் முன்னதாகவே கேட்டு அனுமதி வாங்கியிருந்தார். காணிக்கையோடு அவர் பீடத்துக்குக் கொண்டுபோனது ஒரு பழைய பித்தளைக் கரண்டி. கைப்பிடியின் திருகு கழன்றிருந்ததைத் தானே சரிசெய்து, புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். தந்தை அதில் சாம்பிராணியைத் தூவினார்.

நோட்டில் இரண்டு பக்கம் மீதம் இருந்தது. அன்று இரவு அவர் பேனாவை எடுத்து, முதல் வெற்று வரியில் மனைவியின் பெயரை எழுதினார். எதிரே எழுத வேண்டிய ஒரு வார்த்தைக்காகச் சிறிது நேரம் யோசித்தார். ஒன்றும் எழுதாமலே மூடி வைத்தார்.